இரண்டு மாதப்பன், ஒரு தகரப்பெட்டி

போன சித்திரையில் ஓசூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, நம்ம மாதப்பன் தாத்தாவுக்கு 80 வயசுல ஒரு பையன் பொறந்திருக்கான். சாஃப்ட்வேர் ஒத்துக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

"சாஃப்ட்வேருக்குப் புரியுது, உனக்குப் புரியலையா? வீட்டுக்கு வா, பெட்டியைப் பார்க்கலாம்" என்றேன்.

வம்சாவளியைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். குடும்பத்துப் பெயர்களைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மாதப்பன், மாதையன், மாதம்மாள் இருப்பார்கள் என்பதால் சிக்கலில் மாட்டியவருக்கு மாதப்பன் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் 22 வருஷம் உதவியாளராக இருந்தவன். கணினி சுமாராகத்தான் வரும். பழைய காகிதம் வாசிக்க வரும்.

பையன் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் வேலை செய்திருந்தான். ஒரு கோடை விடுமுறையில் 312 பேரை ஏற்றிவிட்டான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆதாரப் பகுதியைத் திறந்தால் மொத்தம் 9 பதிவு. ஒன்றின் தலைப்பு 'பெரிய தாத்தா சொன்னது'. இன்னொன்று 'பத்திரங்கள்'. அந்த ஒரே சொல்லுக்குள் 27 காகிதங்களின் படம் கிடந்தது, எல்லாம் போன் கேமரா வைத்த எண்ணோடு. கேட்டால், "எல்லாம் அந்தப் பெட்டியில இருந்ததுதானே மாமா" என்றான்.

அந்தப் பெட்டி என் பெரியப்பாவினுடையது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரை கிராமம், அவருக்கு வயது 84. பரணில் இருந்த தகர ட்ரங்குப் பெட்டியில் கிரயப் பத்திர நகல்கள், நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகள், ஒரு கூர்ச்சீட்டு (நிலத்தைப் பாகம் பிரித்ததற்கு எழுதும் காகிதம்), வாரிசுச் சான்று, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், 1962-இல் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு, பாச்சை உருண்டை எல்லாம் இருந்தன. பெட்டியை வெளியே கொண்டுபோக அவர் விடவில்லை. திண்ணையிலேயே ஸ்கேனரை வைத்துக்கொண்டோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு காகிதத்தை எடுக்கும்போதும் அவர் எதையாவது சொன்னார்.

இடம், காகிதம், வரி

இந்த மென்பொருளில் ஆதாரத்துக்கு மூன்று அடுக்கு உண்டு. ரெப்பாசிட்டரி என்பது காகிதம் இருக்கிற இடம்: பெரியப்பா வீட்டுப் பெட்டி, சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம். சோர்ஸ் என்பது அந்தக் காகிதம். சைட்டேஷன் என்பது அந்தக் காகிதத்தில் எந்தப் பக்கம், எந்த வரி என்பது. அதோடு அந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 'மிகக் குறைவு' முதல் 'மிக அதிகம்' வரை ஐந்து படி. பிறப்பு, கல்யாணம், இறப்பு, நிலம் வாங்கியது என்று ஒவ்வொரு நிகழ்வின் மேலும் இந்த வரியைத் தொங்கவிட வேண்டும்.

பையன் ஆளின் மேல் தொங்கவிட்டிருந்தான். மாதப்பன் என்ற ஆளுக்கு ஆதாரம் 'பத்திரங்கள்', முடிந்தது. அவருடைய பிறந்த ஆண்டு எந்தக் காகிதத்திலிருந்து வந்தது, இறந்த ஆண்டு எதிலிருந்து வந்தது, பிள்ளைகளின் பெயர் யார் சொன்னது, எதுவும் பிரிந்து நிற்கவில்லை. ஆதாரமே போடாமல் விட்டிருந்தால்கூட இன்னும் தேடணும் என்ற உறுத்தல் இருந்திருக்கும். இப்படிப் போட்டதால் அந்த உறுத்தலும் போய்விட்டது.

80 வயதுத் தகப்பன்

மாதப்பனின் பதிவில் இருந்தது இவ்வளவு. பிறப்பு 1867. பெரியப்பா சொன்ன கணக்கு: "தாது வருஷப் பஞ்சத்துல எங்க முப்பாட்டனுக்குப் பத்து வயசாம்." 1876 முதல் 1878 வரை சேலம் ஜில்லாவை உலுக்கிய பஞ்சம் அது, அப்போது நாங்கள் சேலம் ஜில்லாதான். இறப்பு 1958. இதற்குப் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் நகல் இருந்தது. நடுவில் கூர்ச்சீட்டிலிருந்து ஒரு பாகப்பிரிவினை, தாது வருஷம் மாசி மாதம், 1877 என்று ஏற்றியிருந்தான். பிள்ளைகள் வரிசையில் கடைசியாக 1947-இல் பிறந்த ஒருவர், பாலக்கோடு பக்கம் இருக்கும் பங்காளி.

தரவைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டியபோது சிவப்பு விழுந்தது 80 வயதுக்குத்தான். எனக்கு உறுத்தியது இன்னொன்று. 1867-இல் பிறந்தவர் 1877-இல் நிலத்தைப் பாகம் பிரித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். பத்து வயசுப் பையன், அதுவும் ஊரே கஞ்சிக்கு அலைந்த வருஷத்தில்! "கார்டியன் இருந்திருப்பாங்க மாமா" என்றான் பையன். இறப்புப் பதிவில் வயது 45 என்று இருந்தது. அதை அவன் பார்க்காமல் இல்லை. மணியகாரர் தப்பாக எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டான். கூர்ச்சீட்டில் மாதப்பனின் தகப்பன் பெயர், பெரியப்பா சொன்ன பெயரோடு ஒத்துப்போகவில்லை. அதை 'மறுபெயர்' என்று சேர்த்துவிட்டான். கூர்ச்சீட்டில் தம்பி என்று வந்தவருக்குப் பெரியப்பாவின் அப்பா பெயர். 1877-இல் அவர் பிறந்திருக்கவே முடியாது என்பதால், அதே பெயரில் ஒரு முன்னோரைப் புதிதாக உண்டாக்கியிருந்தான். யாருக்கும் தெரியாத ஒரு கிளை அங்கிருந்து முளைத்து நின்றது.

மென்பொருளின் மேல் குற்றம் இல்லை. மறுபெயர், எழுத்தர் பிழை, கார்டியன் என்று முரண்பாட்டை மூடிவைக்க நமக்கு எப்போதும் ஒரு துணி கிடைத்துவிடுகிறது.

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும். தாது 1876–77-லும் வந்தது, 1936–37-லும் வந்தது. பஞ்சத்துக்குப் பெயர் கொடுத்த தாதுதான் வீட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது, அதனால் பையன் காகிதத்துத் தாதுவையும் அங்கேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டான். நான் கூர்ச்சீட்டு எழுதிய முத்திரைத்தாளைப் பார்த்தேன். மேலே தாடி வைத்த ராஜா தலை. 1877-இல் ராணி அல்லவா ஆண்டுகொண்டிருந்தாள்?

"பின்பக்கம் ஸ்கேன் பண்ணினியா?"

"பின்பக்கம் ஒண்ணும் இல்ல மாமா, ஏதோ கிறுக்கியிருக்கு."

அந்தக் கிறுக்கல்தான் முத்திரைத்தாள் விற்பவர் எழுதும் குறிப்பு. வரிசை எண், தேதி, தாளின் மதிப்பு, வாங்கியவர் பெயர், ஊர். எங்கள் தொழிலில் தாளை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்போம். தேதி 22-2-37 என்று தெளிவாக இருந்தது. 1937 பிப்ரவரி 22 என்றால் தாது வருஷம் மாசிதான்.

அதன் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கிஸ்தி ரசீதில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு இருக்கும். பசலி ஜூலை 1-இல் தொடங்கும், அதோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம். பசலி 1339, அதாவது 1929–30 ரசீது மாதப்பன் பெயரில் முழு நிலத்துக்கும் இருந்தது. பசலி 1347, அதாவது 1937–38-க்கு இரண்டு ரசீது, மாதப்பன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, தொகை ஏறக்குறையப் பாதி பாதி. கடைசியாக 1944-இல் பதிவான கிரயப் பத்திரம். மாதப்பன் தன் பாகத்தைத் தம்பிக்கு விற்கிறார், 'கூர்ச்சீட்டின்படி என் பாகத்துக்கு வந்தது' என்று சொத்து வந்த விதத்தையும் எழுதுகிறார். விற்றவரும் கூர்ச்சீட்டில் கைநாட்டு வைத்தவரும் ஒருவரே என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆக இரண்டு மாதப்பன். பஞ்சத்தில் பத்து வயதாக இருந்தவர் ஒருவர். அவருடைய மகனின் மூத்த பிள்ளை இன்னொருவர், தாத்தா பெயரைத் தாங்கிய பேரன். 1958-இல் 45 வயதில் இறந்தவர் என்றால் பிறந்தது 1913 வாக்கில். 1937-இல் 24, 1947-இல் 34. மணியகாரர் சரியாகத்தான் எழுதியிருந்தார். கூர்ச்சீட்டில் இருந்த தகப்பன் பெயரும் மறுபெயர் இல்லை, தனி ஆள். தம்பி என்று வந்தவர் பெரியப்பாவின் சொந்த அப்பா.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "ஆமாண்டா, எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. பாகத்த வித்துட்டுப் பாலக்கோடு பக்கம் போயிட்டாரு."

"இத ஏன் தாத்தா முன்னாடியே சொல்லல?" என்றான் பையன்.

"நீ மாதப்பன்னு கேட்ட. அவர நான் பெரியப்பான்னுதான் கூப்பிட்டேன். பேரு சொல்லி யாருடா கூப்பிட்டா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்களைப் பெயர் சொல்லாத வழக்கம் நம் வாய்மொழி ஆதாரத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை! இப்போது பெரியவர்களிடம் கேட்கும்போது பெயரைக் கேட்பதில்லை. "அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டு, அந்த உறவுச் சொல்லை அப்படியே ஏற்றுகிறோம். 'பெரிய தாத்தா சொன்னது' என்ற ஒற்றைப் பதிவு போய், எந்தத் தேதியில், எங்கே உட்கார்ந்து, யாரைப் பற்றி, அவர் கண்ணால் கண்டதா, அப்பா சொல்லிக் கேட்டதா என்று பேச்சுக்கு ஒரு பதிவாக ஆகிவிட்டது.

பிரித்த வேலை

கண்டுபிடித்தது ஒரு மாலை. சரிசெய்ய மூன்று நாள். காரணம் பையன் முன்பு இரண்டு மாதப்பன் பதிவுகள் தனித்தனியாக இருந்ததைப் பார்த்து, ஒரே ஆள்தானே என்று 'ஒன்றாக்கு' கொடுத்திருந்தான். ஒட்ட ஒரு சொடுக்கு போதும், பிரிக்கப் பொத்தான் கிடையாது. நிகழ்வுகளில் ஆதாரம் தொங்கியிருந்தால், இது இந்தக் காகிதம், அதனால் இவருக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றியிருக்கலாம். 14 நிகழ்வுகளுக்கும் காகிதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது பெரிய மாற்றம் செய்வதற்கு முன் படங்களும் சேர்ந்த பொதி வடிவில் ஒரு பிரதி எடுத்துத் தேதி போட்டு வைக்கிறான்.

'பத்திரங்கள்' என்ற மூட்டையை அவிழ்த்தோம். பதிவான பத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சோர்ஸ், ஆவண எண்ணும் ஆண்டும் தலைப்பிலேயே. புத்தக எண், தொகுதி, பக்கம் ரெப்பாசிட்டரி இணைப்பில் இருக்கும் அழைப்பு எண் கட்டத்தில். சிலர் எல்லாவற்றையும் இப்படித் துண்டு துண்டாக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மொய் நோட்டு ஒரே நோட்டுதான், 240 வரிக்கு 240 சோர்ஸ் போட்டால் பைத்தியம் பிடிக்கும். அது ஒரு சோர்ஸ், வரிதோறும் ஒரு சைட்டேஷன். மொய் நோட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். ஊர், தகப்பன் பெயர், தாய்மாமன் சீர் என்று தனியாக எழுதிய வரி எல்லாம் அதில் இருக்கும். பாலக்கோட்டுக் கிளையோடு 1962-இலும் போக்குவரத்து இருந்தது எங்களுக்கு அதில்தான் தெரிந்தது. 5 ரூபாய் வைத்திருக்கிறார்கள்.

தேதிக் கட்டம் ஒரு தலைவலி. கிராம்ப்ஸில் யூத நாட்காட்டி உண்டு, இஸ்லாமிய, பாரசீக நாட்காட்டிகள் உண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டிகூட உண்டு. தமிழ் வருஷமும் பசலியும் இல்லை. நாங்கள் கண்ட வழி: கணக்கிட்ட ஆங்கிலத் தேதியை 'இதற்கும் இதற்கும் இடையில்' என்று வரம்பாகப் போடுவது, காகிதத்தில் உள்ளதை உள்ளபடி தேதியின் குறிப்புக் கட்டத்தில் எழுதுவது. பழைய காகிதத்தில் ௵, ௴ என்ற வருஷ, மாதக் குறிகள் வந்தால் அவற்றையே தட்டச்சு செய்கிறோம், யூனிகோடில் இருக்கின்றன. நாளைக்கு வேறு ஒருவர் வந்து எங்கள் கணக்கு தப்பு என்றால், காகிதம் சொன்னது அழியாமல் கிடக்கும்.

ஊர்ப் பெயரில் இன்னொரு கூத்து. 1944 பத்திரத்தில் சேலம் ஜில்லா. 1991 வாரிசுச் சான்றில் தர்மபுரி மாவட்டம். இன்றைய பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம். பையன் ஒரே கிராமத்தை மூன்று ஊராக ஏற்றியிருந்தான். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004 பிப்ரவரி 9-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கிராம்ப்ஸில் ஓர் ஊர் எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று தேதியோடு அடுக்கலாம். ஒரே கிராமம், மூன்று தாய். 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனியிடம் வந்த பாராமகால் வரைக்கும் அடுக்கப் பையனுக்கு ஆசை. அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றாவது கைக்கு வரட்டும், பிறகு ஏற்றலாம் என்று நிறுத்திவைத்தேன். பாலக்கோடு இன்னும் தர்மபுரி மாவட்டம்தான், ஆகவே பங்காளிகளின் காகிதங்கள் இப்போது இரண்டு மாவட்ட அலுவலகங்களில் கிடக்கின்றன.

சர்வே எண்ணும் இப்படித்தான். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். கிராமத்து நிலங்களை எண்வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தின் நகலைத் தனிச் சோர்ஸாக வைத்துக்கொண்டால் போதும்.

பெயர்க் கட்டம் வெள்ளைக்காரன் குடும்பத்துக்குச் செய்தது. குடும்பப் பெயர் இடத்தில் பையன் இனிஷியலைப் போட்டிருந்தான். விளைவு, 'சி.' என்ற குடும்பத்தில் சம்பந்தா சம்பந்தமில்லாத 60 பேர். தகப்பன் பெயரை முழுதாக எழுதி, அது தகப்பன் பெயர் வழி வந்தது என்று வகை குறிக்க வசதி இருக்கிறது. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு பெயர்ப் பதிவு.

பாலக்கோட்டுக்காரரின் பிறந்த தேதிக்கு இரண்டு காகிதம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 1-6-1948. ஜாதகத்தில் விய வருஷம் தை, அதாவது 1947 தொடக்கம். அந்தக் காலத்தில் வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி, கையை வளைத்துக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொள்வார். ஜாதகத்தை முதன்மையாக வைத்து, சான்றிதழை இரண்டாவது பிறப்பு நிகழ்வாக அருகில் விட்டோம். அழிக்கவில்லை. அரசாங்கத்துக்கு அவர் 1948-இல் பிறந்தவர்தான், ஓய்வூதியம் அந்தக் கணக்கில் வருகிறது.

படக் கோப்புகளுக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயர் மாற்றினோம்: '1937-02 கூர்ச்சீட்டு முன்', '1937-02 கூர்ச்சீட்டு பின்'. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் உண்டு. பையன் மடிக்கணினி மாற்றியபோது எல்லாப் படமும் காணாமல் போனதும் ஒருமுறை நடந்தது. படங்கள் இருந்தன, பாதைதான் பழைய கணினியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே அடிப்படைக் கோப்புறை வைத்து, அங்கிருந்து சார்புப் பாதையாக மாற்றியதும் சரியாயிற்று. உயிரோடு இருப்பவர்களின் ஆதார் நகல்களை நீக்கச் சொன்னேன். மற்ற சான்றுகளுக்குத் தனிப்பட்டது என்ற பூட்டு போட்டான். உறவினர்களுக்குப் பிரதி அனுப்பும்போது பூட்டியவற்றை விட்டுவிட்டு அனுப்பலாம். வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கெட்காம் வடிவில் அனுப்பினால் தேதியிட்ட ஊர் அடுக்கும் போகாது, அதையும் தெரிந்துகொண்டுதான் அனுப்ப வேண்டும்.

ஏரிக்கரைக் கல்

பெட்டிக்கு வெளியே ஓர் ஆதாரம் இருப்பதாகப் பெரியப்பா மூன்றாம் நாள் சொன்னார். ஏரிக்கரையில் ஒரு நடுகல், நாங்கள் வேடியப்பன் என்று கும்பிடுவது. "அது நம்ம முப்பாட்டனுக்கும் முப்பாட்டன்டா. மாடு மீட்கப் போயி செத்தவரு. அவரையும் போடு." இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகல்லுக்குக் குறைவே இல்லை, பலவற்றை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள். படம் எடுத்து, கல்லெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். வட்டெழுத்து என்றார். அப்படியென்றால் ஆயிரம் வருஷத்துக்கு மேல். ஆறு தலைமுறையில் அங்கே போய்ச் சேர முடியாது.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பையன் தயங்கினான். நானே சொன்னேன்.

"அதனால என்ன? கும்பிடறத நிறுத்திடணுமா?" என்றார்.

வேண்டியதில்லை. கல் ஒரு சோர்ஸ், இருக்கும் இடம் ஏரிக்கரை. 'நம் முன்னோர்' என்பது பெரியப்பாவின் பேச்சுப் பதிவில் ஒரு வரி, நம்பிக்கைப் படி 'மிகக் குறைவு'. மரத்தில் ஆளாக ஏற்றவில்லை, குலத்தைப் பற்றிய குறிப்பில் வைத்தோம். அந்தப் படியை அவருக்குக் காட்டவில்லை.

இப்போது 309 பேர். ஆட்கள் குறைந்தார்கள், சோர்ஸ் 9-லிருந்து 58 ஆயிற்று. பெரிய மாதப்பன் எப்போது இறந்தார் என்பதற்குக் காகிதம் கிடைக்கவில்லை. 1929–30 கிஸ்தி ரசீதில் அவர் பெயர் இருக்கிறது, 1937 கூர்ச்சீட்டு அவரைக் 'காலஞ்சென்ற' என்கிறது. எனவே இறப்பு 1929-க்கும் 1937-க்கும் இடையில், இரண்டு சைட்டேஷனோடு. சிறிய மாதப்பனுக்குக் கல்யாணம் எந்த ஊரில் என்பது இன்னும் காலிக் கட்டம்.

கூர்ச்சீட்டு என்றால் பாகஸ்தருக்கு ஒன்று எழுதுவார்கள். பெட்டியில் இருப்பது தம்பியின் பிரதி. அண்ணனுடையது பாலக்கோட்டில் இருக்க வேண்டும். பையன் அதற்கும் ஒரு சோர்ஸ் பதிவு திறந்து, படம் இல்லாமல், 'பார்க்கவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறான். போன் செய்து கேட்டோம். ஆடி போகட்டும், வந்து பாருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள்.